கடைமடையிலிருந்து தலைக்காவிரிக்கு

படம் திரைக்கு, எழுத்து கரும்பலகைக்கு. ஸ்லைடு வைத்துப் பாடம் நடத்துவது பற்றி என்னிடம் கேட்கிற ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் புவியியலில் தமிழ்நாட்டைப் பற்றியே இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று இயற்கைப் பிரிவுகள், இன்னொன்று மானுடப் புவியியல். மலை, பீடபூமி, சமவெளி, ஆறு, காலநிலை, மண், காடு என்று முதல் பாடத்திலேயே அத்தனையும் வந்துவிடும். காவிரிக்கு அதில் கிடைப்பது சின்ன இடம்தான். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆற்றில் தண்ணீர் வந்த நாளும் வராத நாளும் வீட்டுப் பேச்சு. அவர்களிடம் 'காவிரி கர்நாடகத்தில் குடகு மலையில் தோன்றுகிறது' என்று ஆரம்பித்தால் அது வேறு யாருடைய ஆறோ ஆகிவிடுகிறது. இந்த ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று யோசித்துத்தான் கூகுள் ஸ்லைட்ஸ் என்ற ஆன்லைன் ஸ்லைடு மென்பொருளை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் போகுமுன் எழுத்து விஷயம். பயிற்சி வகுப்புகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: திரை நிறையப் பத்து வரி இருக்கும், பேசுபவர் திரையைத் திரும்பிப் பார்த்து அந்தப் பத்து வரியையும் வாசிப்பார். கேட்பவர்கள் அவரைவிட வேகமாக வாசித்து முடித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்காகக் காத்திருப்பார்கள். இந்தப் பழக்கம் வகுப்பறைக்கும் வந்துவிட்டது. பாடநூலில் இருக்கும் பத்தியை அப்படியே ஒட்டி, பக்கத்தில் ஒரு பூப்படம் வைத்தால் 'டிஜிட்டல் பாடம்' தயார். பிள்ளைகளின் மேசையில் அதே பத்தி புத்தகமாக இருக்கிறது. எதற்காக அதையே திரையிலும் காட்ட வேண்டும்?

கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இருக்கும் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் மாணவர்களுக்கு நன்றாகப் புரிகிறது. சொல்லும் அதே வார்த்தைகளைத் திரையிலும் எழுத்தாகப் போட்டால் புரிதல் குறைகிறது. வாசிப்பதும் கேட்பதும் மூளையில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்கின்றன. கடைசி பெஞ்சில் இருக்கும் பையனின் கண்ணைப் பார்த்தாலே இது தெரியும். எழுத்து வந்ததும் அவன் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பிப்பான், நான் சொல்வது எதுவும் காதில் விழாது.

இந்த மென்பொருள்கள் பிறந்த இடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பவர்பாயின்ட் 1987இல் ஃபோர்தாட் என்ற சின்ன நிறுவனத்தில், ராபர்ட் காஸ்கின்ஸ் முன்னின்று, மேக்கின்டாஷ் கணினிக்காக உருவானது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அலுவலகக் கூட்டங்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள் அது. ஒருவர் நின்று தன் திட்டத்தைச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும். புதிய ஸ்லைடு திறந்ததும் 'இங்கே தலைப்பு, இங்கே புள்ளி வைத்த வரிகள்' என்று இரண்டு பெட்டிகள் வருகிறதே, அது அந்தக் கூட்ட அறையின் மிச்சம். வகுப்பில் யாரும் தலையாட்ட வேண்டியதில்லை, யோசிக்க வேண்டும். அதனால் புதிய ஸ்லைடு திறந்ததும் என் முதல் வேலை அந்த இரண்டு பெட்டிகளையும் அழித்துவிட்டு, 'வெற்று' அமைப்பைத் தேர்ந்தெடுப்பது.

சரி, காவிரிக்கு வருகிறேன்.

பாடநூல் வழக்கமான வரிசையில் போகிறது: தலைக்காவிரி, ஒகேனக்கல், மேட்டூர், பவானி, நொய்யல், அமராவதி, முக்கொம்பு, கல்லணை, கடைசியில் கடல். நானும் முதலில் அதே வரிசையில்தான் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு செயற்கைக்கோள் படம் எடுத்து ஸ்லைடுகளை அடுக்கினேன். அப்புறம் கட்டக் காட்சியில் வைத்துப் பார்த்தேன். எல்லா ஸ்லைடும் சின்னச் சின்னக் கட்டமாக ஒரே திரையில் தெரிகிற காட்சி அது. பாடம் முழுவதும் ஒரே பார்வையில் கண்முன் விரிந்து கிடந்தது. எங்கள் ஊர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. கடைசி ஸ்லைடை இழுத்து முதலில் போட்டேன். அதற்கு முந்தையதை இரண்டாவதாக. இப்படியே மொத்தத்தையும் திருப்பிவிட்டேன். நோட்டில் எழுதிய பாடக்குறிப்பாக இருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது, வந்திருந்தாலும் திரும்ப எழுத மனம் வந்திருக்காது. ஆன்லைன் ஸ்லைடு மென்பொருளை எல்லோரும் பாடம் காட்டும் கருவியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதன் பெரிய பயன் காட்டுவதற்கு முன்னால், இப்படி வரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

இப்போது பாடம் இப்படிப் போகிறது. முதல் ஸ்லைடில் தலைப்பு கிடையாது. எங்கள் ஊரை மேலிருந்து எடுத்த படம் மட்டும். ஒரு நிமிடம் நான் பேசுவதே இல்லை. 'டீச்சர், அது நம்ம பள்ளிக்கூடம்', 'இது பெரிய குளம்', 'அது எங்க மாமா வயலு' என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். பிறகு ஒரே கேள்வி: 'இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது?' பதில் எப்போதும் ஒன்றுதான்: 'ஆத்துலேருந்து.' எந்த ஆறு? இங்கே சண்டை ஆரம்பிக்கும். வெண்ணாறு என்பான் ஒருவன், கோரையாறு என்பாள் இன்னொருத்தி, பாமணியாறு என்று மன்னார்குடிப் பக்கமிருந்து வரும் பிள்ளை சொல்லும். அடுத்த ஸ்லைடில் அவர்கள் எல்லோர் சொன்னதும் சரியாகிவிடும். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிற படம் அது. வேண்டுமென்றே பெயர் எழுதாமல் வைத்திருக்கிறேன். மூன்று பிரிவுக்கும் பெயர் சொல்ல வேண்டியது அவர்கள்.

அங்கிருந்து மேலே போகிறோம். தென்பெரம்பூரில் வெண்ணாறும் வெட்டாறும் பிரியும் இடம். அதற்கும் மேலே கல்லணை. இங்கே கொஞ்சம் நின்று விடுவேன். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் நான்கும் ஒரே படத்தில் தெரியும். கல்லணைக் கால்வாயைப் பெரியவர்கள் 'புது ஆறு' என்பார்கள். மேட்டூர் அணை வந்த காலத்தில், 1930களில் வெட்டியது என்பதால் அந்தப் பெயர். கரிகாலன் காலத்துக் கல்லணையும், ஏறக்குறைய நூறு வருடம் ஆகியும் இன்னும் 'புது' என்றே அழைக்கப்படும் கால்வாயும் ஒரே இடத்தில் தொடங்குவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் ஒன்றுதான் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து முக்கொம்பு: 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் திருவரங்கம் தீவாகக் கிடப்பது. பிறகு அமராவதியும் நொய்யலும் பவானியும் வந்து சேரும் இடங்கள். பிறகு மேட்டூர்.

மேட்டூர் ஸ்லைடில் அணைப் படம் மட்டும். 1934இல் கட்டி முடித்தது, 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பதையெல்லாம் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறேன். அதன் கீழேயே தண்ணீர் திறந்த தேதிகளையும் எழுதுவேன்: 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13, 2020 ஜூன் 12, 2022 மே 24, 2024 ஜூலை 28. ஜூன் 12 வழக்கமான நாள் என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். 'அப்புறம் ஏன் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதி?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அணையில் தண்ணீர் இல்லை, கர்நாடகத்தில் மழை இல்லை, அந்த வருஷம் சீக்கிரமே மழை வந்தது என்று பதில்கள் வரும். 'கர்நாடகத்தில் மழை' என்ற வார்த்தை யார் வாயிலிருந்தாவது வந்ததும் அடுத்த ஸ்லைடு. ஒகேனக்கல், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி, கடைசியில் தலைக்காவிரி. சுமார் 800 கிலோமீட்டர் ஆற்றை வாலிலிருந்து தலைக்கு ஏறிப் போயிருக்கிறோம். தென்மேற்குப் பருவமழை எங்கள் ஊரில் அவ்வளவாகப் பெய்யாவிட்டாலும் எங்கள் குறுவைக்கு அதுவே உயிர் என்பது அந்த இடத்தில் புரிகிறது. அடுத்து வரும் காலநிலைப் பகுதிக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைத்ததில்லை.

மேலே ஏறிப் போகும் இந்த உணர்வு வர, ஒரே பெரிய வரைபடத்தை எடுத்து, அந்த ஸ்லைடையே நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் வெட்டி வைத்திருக்கிறேன். அடுத்ததுக்குப் போகும்போது கேமரா விலகிப் போகிறமாதிரி இருக்கும். பிரெசி என்ற மென்பொருளில் இது இன்னும் அழகாக வரும். 2009இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் தொடங்கியது அது. தனித்தனி ஸ்லைடு என்று இல்லாமல் ஒரே பெரிய விரிப்பு, அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரலாம். வரைபடப் பாடத்துக்கென்றே செய்தது போல் இருக்கிறது. ஆனால் அடிக்கடி சுழற்றினால் பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது, பள்ளி இணையத்தில் அது திணறவும் செய்கிறது. அதனால் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு கூகுள் ஸ்லைட்ஸிலேயே இருந்துவிட்டேன்.

ஸ்லைடுக்குக் கீழே 'பேச்சாளர் குறிப்புகள்' என்று ஓர் இடம் இருக்கிறது. பலரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் பாடத்திட்டம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. திரையில் ஒரு வரிகூட இல்லாத ஸ்லைடுக்குக் கீழே முக்கால் பக்கம் இருக்கும்: என்ன கேட்பேன், என்ன தவறான பதில் வரும், அதற்கு அடுத்து என்ன கேட்பேன், எத்தனை நிமிடம், பாடநூலில் எந்தப் பக்கம். தவறான பதிலை முன்கூட்டியே எழுதி வைப்பதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. 'கொள்ளிடம் காவிரியின் துணையாறு' என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. முக்கொம்புப் படத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். அந்தக் கேள்வி குறிப்பில் இருப்பதால்தான் பீரியட் அவசரத்தில் எனக்கு மறக்காமல் இருக்கிறது. அச்சிடும்போது 'குறிப்புகளுடன் ஒரு ஸ்லைடு' என்று தேர்ந்தெடுத்தால் மேலே படமும் கீழே குறிப்புமாக வரும். நோட்ஸ் ஆஃப் லெசனோடு அதையும் சேர்த்து வைத்தால் எச்.எம். கையெழுத்துப் போடும்போது படித்துப் பார்க்கிறார், சில சமயம் கேள்வியும் கேட்கிறார். அந்தக் கேள்விகள் எனக்கு உதவியாக இருந்திருக்கின்றன.

வகுப்பில் நான் அதிகம் தொடுவது 'பி' (B) விசை. ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும். திரையில் வெளிச்சம் இருக்கும்வரை பிள்ளைகளின் கண் அங்கேதான் இருக்கும், அது இயல்பு. ஒருவன் பேசும்போது மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் திரையை அணைக்க வேண்டும். கூகுள் ஸ்லைட்ஸில் எனக்குப் பிடித்த வசதி எது என்று கேட்டால், எதையும் காட்டாத இந்த வசதியைத்தான் சொல்வேன்.

இன்னொன்று கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டால் வரைந்த தமிழ்நாட்டு எல்லை வரைபடம். அதைத் திரையில் காட்டாமல் புரொஜெக்டரைக் கொஞ்சம் திருப்பிக் கரும்பலகையின்மேலேயே விழவைப்பேன். பலகையில் தமிழ்நாடு கோடாகத் தெரியும். ஒவ்வொருவராக வந்து நீல சாக்பீஸால் ஆற்றை வரைவார்கள். எல்லோரும் வரைந்த பிறகு 'பி' விசையை அழுத்தினால் எல்லைக் கோடு மறைந்து ஆறுகள் மட்டும் பலகையில் நிற்கும். இப்போது எல்லையை அவர்கள் வரைய வேண்டும். பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்குப் பயந்துபோய் விட்டுவிடும் பிள்ளைகள்கூட இதில் போட்டி போட்டுக்கொண்டு எழுந்து வருகிறார்கள்.

தமிழ் எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் நம்மிடம் பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கின்றன. அதைக் காப்பி செய்து ஸ்லைடில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வரும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக் கொண்டால் சரியாகிவிடும். எழுத்துருப் பட்டியலில் 'மேலும் எழுத்துருக்கள்' என்பதற்குள் போய் தமிழைத் தேர்ந்தெடுத்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரான், முக்தா மலர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். இடப்பெயருக்கு நான் ஹிந்த் மதுரையை வைத்துக்கொள்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தாலும் ளகரமும் னகரமும் கலங்காமல் தெரிகின்றன. தமிழில் மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் வருவதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி வைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஜன்னல் வெளிச்சம் அதிகம். அதனால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஆற்றைக் காட்டச் சிவப்பும் பச்சையும் சேர்த்துப் பயன்படுத்துவதில்லை, சில பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும்.

இணையம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வகுப்பறையில் இணையம் இருக்கும் என்று நம்பி நான் எதையும் திட்டமிடுவதில்லை. குரோமில் ஆஃப்லைன் வசதியை இயக்கி, வேண்டிய கோப்பை மடிக்கணினியில் முந்தின நாளே இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். பவர்பாயின்ட் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணினியில் நம் எழுத்துரு இல்லையென்றால் அது லதா, நிர்மலா போன்ற வேறு எழுத்துருவைத் தானாக எடுத்துக்கொண்டு வரிகளைக் கலைத்துவிடும். பி.டி.எஃப். ஆக ஒன்று பென்டிரைவில் இருந்தால் நிம்மதி. யூடியூப் காணொளியை ஸ்லைடுக்குள் வைத்திருந்தால் இணையம் இல்லாத இடத்தில் அது ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். மின்சாரமே போய்விட்டால் சுவர் வரைபடம் இருக்கிறது. அதே கேள்விகளோடு பாடம் நடக்கும், கேள்விகள் என்னிடம் இருக்கின்றனவே.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இணையத்தில் தேடி முதலில் கிடைக்கும் இந்திய வரைபடத்தை ஸ்லைடில் ஒட்டாதீர்கள். வெளிநாட்டுத் தளங்களில் காஷ்மீர், அருணாசலப் பிரதேச எல்லைகள் வேறு மாதிரி இருக்கும். நமக்கு இந்திய நில அளவைத் துறையின் வரைபடம்தான் சரியானது. 1767இல் தொடங்கிய துறை, டேராடூனில் தலைமையகம். எல்லை வரைபடங்களை அவர்கள் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்வேன். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான அடிக்கோட்டை அளந்து ஆரம்பித்த பெரிய நில அளவை, 1808இல் தஞ்சாவூருக்கு வந்தது. சமவெளியில் உயரமான இடம் வேண்டுமே, பெரிய கோயிலில், கோணம் அளக்கும் அரை டன் கருவியை (தியோடலைட்) ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி கோயிலில் மோதிச் சிதைந்துபோனது. லாம்டன் தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். டெல்டாவில் ஒரு குன்றுகூட இல்லை என்று காட்ட இதைவிட நல்ல சம்பவம் இல்லை. இதற்கும் ஒரு ஸ்லைடு உண்டு: பெரிய கோயில் விமானம் மட்டும்.

மாணவர்களையே ஸ்லைடு செய்யச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹைடெக் லேபில் ஒரே கோப்பைத் திறந்து, குழுவுக்கு ஒரு ஸ்லைடு கொடுத்துவிடுவேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்வார்கள். இந்த ஒரு வசதிக்காகவே ஆன்லைன் மென்பொருள் வேண்டும் என்பேன். ஒரு குழு இன்னொரு குழுவின் ஸ்லைடை அழித்துவிட்டால் பதற வேண்டாம், 'பதிப்பு வரலாறு' என்பதைத் திறந்து பழைய நிலைக்குப் போய்விடலாம். பணி இதுதான்: உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியைக் காட்டுங்கள். ஒரு படம், அதிகமாகப் போனால் ஆறு வார்த்தை. மீதியை வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவியின் தாத்தா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்குபவராக இருந்தவர். ஷட்டரை எத்தனை திருகு ஏற்றினால் எவ்வளவு தண்ணீர் போகும், முறைப்பாசனம் வைத்தால் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், இரவில் யாராவது ஷட்டரை ஏற்றிவிடாமல் எப்படிக் காவல் இருப்பார்கள் என்று அவரிடம் கேட்டு வந்து சொன்னாள். அவள் ஸ்லைடில் இருந்தது துருப்பிடித்த ஷட்டர் ஒன்றின் கைபேசிப் படம், கீழே 'தாத்தா இதை ஏற்றி இறக்கினார்' என்று ஒரே வரி. எந்தப் பாடநூலிலும் இல்லாத செய்தியை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது. அடுத்த நாள் இரண்டு பையன்கள் தங்கள் தாத்தாக்களிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருவன் ஸ்லைடில் பத்து வரி எழுதிக் கொண்டுவந்தான். 'இதில் ஆறு வார்த்தையை மட்டும் வைத்துக்கொள், மற்றதை எங்களிடம் சொல்' என்றேன். அழித்துவிட்டுப் பேசினான், நன்றாகவே பேசினான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன்.

கோப்பை மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன வழி. முகவரியின் கடைசியில் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று இருக்கும். அதிலிருந்து இறுதிவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஆங்கிலத்திலேயே 'காப்பி' என்று அடித்து அனுப்பினால், திறப்பவருக்குத் தனி நகல் கிடைக்கும், நம் கோப்பு பத்திரமாக இருக்கும். மேட்டூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தோழி என் காவிரிப் பாடத்தை இப்படி வாங்கினாள். அவள் வகுப்புக்கு ஆறு நடுவில் ஓடுகிறது, அதனால் மேட்டூரை முதல் ஸ்லைடாக வைத்து ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் போகிறாள். தேனி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் இதே முறையில் வைகைக்கும் தாமிரபரணிக்கும் செய்துகொள்ளலாம். பகிரும் கோப்பில் மாணவர்களின் முகம் தெரியும் படம், பெயர், மதிப்பெண் எதுவும் இருக்கக் கூடாது. 'இணைப்பு உள்ள எவரும்' என்று அனுமதி கொடுத்தால் உண்மையிலேயே எவரும்தான். குழு வேலைக் கோப்பை வகுப்பு முடிந்ததும் 'பார்க்க மட்டும்' என்று மாற்றிவிடுகிறேன்.

தலைப்பைக் கொடுத்தால் முழுப் பாடத்தையும் ஸ்லைடாகக் கட்டித் தரும் வசதிகள் இப்போது வந்துவிட்டன. பார்க்க அழகாக இருக்கின்றன, நேரமும் மிச்சம். ஆனால் அவை தலைக்காவிரியில்தான் ஆரம்பிக்கும். என் முன்னால் இருக்கும் பிள்ளைகள் கடைமடைக்காரர்கள் என்று அவற்றுக்கு யார் சொல்வது? வினா தயாரிக்க, ஒரு படத்தைத் தெளிவாக்க அவற்றைப் பயன்படுத்துங்கள். வரிசையை நீங்களே போடுங்கள்.

வகுப்பு முடிந்த அன்றே, மறக்குமுன், ஒவ்வொரு ஸ்லைடின் குறிப்பிலும் இரண்டு வரி சேர்க்கிறேன்: எங்கே நின்றார்கள், எந்தக் கேள்வி வேலை செய்யவில்லை, யார் என்ன புதிதாகச் சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு நகல் எடுத்துப் பெயரில் வருடத்தைப் போட்டு வைக்கிறேன். லஸ்கர் தாத்தா சொன்ன முறைப்பாசனக் கணக்கு இப்போது கல்லணை ஸ்லைடின் குறிப்பில் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் அதைக் கேள்வியாகக் கேட்கிறேன்.

அடுத்து வடகிழக்குப் பருவமழையை எடுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் அப்போது சின்னக் குழந்தைகள். விழுந்த தென்னையும் கூரை போன வீடும் அவர்களுக்கு மங்கலாக நினைவில் இருக்கும், பெற்றோருக்கு எல்லாமே நினைவிருக்கும். செயற்கைக்கோள் படங்களை மணிவாரியாக அடுக்கி, புயல் வங்காள விரிகுடாவில் எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். கட்டக் காட்சியில் இப்போதைக்குக் கரையேறிய படமும், அதற்கு முன்னால் நிறைய வெற்றுக் கட்டங்களும் இருக்கின்றன. இந்த வாரம் படங்களைத் தேடி அவற்றை நிரப்ப வேண்டும்.